தலைமறைப்பும் சுவாசக் கவசமும்: அமெரிக்க வேலையிடங்களில் அணியும் முறையும் ஒப்புதல் விதிகளும்

ஹிஜாப், தலைப்பாகை, யூதர்களின் கிப்பா, ஆபரேஷன் தியேட்டர் தொப்பி, குளிருக்குப் போடும் கம்பளி உறை என்று எதை அணிந்தவரும் சுவாசக் கவசம் போட வேண்டிய வேலைக்கு வந்தால் கேட்கும் முதல் கேள்வி, "இதைக் கழற்ற வேண்டுமா?" என்பதுதான். பெரும்பாலும் கழற்ற வேண்டியதில்லை. ஆனால் துணியின் ஒரு இழைகூட இருக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. கவசத்தின் விளிம்பு தோலோடு ஒட்டுகிற, ஏறத்தாழ ஒரு விரல் அகலமுள்ள அந்தக் கோடு. மூக்குத் தண்டில் தொடங்கிக் கன்னம் வழியாக இறங்கித் தாடைக்கு அடியில் சுற்றி வரும் அந்தக் கோட்டில் தோலும் ரப்பரும் மட்டுமே இருக்க வேண்டும். இந்த வழிகாட்டியில் வரும் மற்ற எல்லாமே அந்தக் கோட்டைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடு.

விதி என்ன சொல்கிறது

அமெரிக்காவில் இரண்டு அமைப்புகளைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். கருவியைச் சோதித்து ஒப்புதல் தருவது நையோஷ் (தேசியத் தொழிற்பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம்). அதற்கான விதி 42 சிஎஃப்ஆர் (அமெரிக்கக் கூட்டரசு விதித் தொகுப்பு) பகுதி 84. அந்தக் கருவியை வேலையிடத்தில் எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று முதலாளியைக் கட்டுப்படுத்துவது ஓஷா (தொழிற்பாதுகாப்பு, உடல்நல நிர்வாகம்). அதன் சுவாசப் பாதுகாப்பு விதி 29 சிஎஃப்ஆர் 1910.134.

ஓஷா விதியில் ஹிஜாப் என்றோ தலைப்பாகை என்றோ பெயர் சொல்லித் தடை எதுவும் கிடையாது. முகத்தோடு இறுக்கமாக ஒட்டும் கவசத்துக்கும் தோலுக்கும் நடுவே முடி இருக்கக் கூடாது, ஒட்டலையோ வால்வின் இயக்கத்தையோ கெடுக்கும் வேறு எந்த நிலையும் இருக்கக் கூடாது என்கிறது. கண்ணாடி, மற்ற பாதுகாப்புச் சாதனங்கள் எதுவானாலும் ஒட்டலைக் கெடுக்காதபடி அணிய வேண்டும் என்கிறது. கவசம் முகத்தோடு கசிவின்றிப் பொருந்துகிறதா என்று பார்க்கும் பொருத்தச் சோதனைக்கான பின்னிணைப்பு ஏ இன்னும் நேராகவே சொல்கிறது: நல்ல பொருத்தத்துக்கு இடையூறு செய்யும் ஆடை எதுவானாலும் அதை மாற்றியமைக்க வேண்டும் அல்லது அகற்ற வேண்டும். "மாற்றியமைக்க" என்ற சொல் அதில் இருப்பதைக் கவனியுங்கள். அகற்றுவது ஒன்றே வழி என்று விதி சொல்லவில்லை.

இங்கே அடிக்கடி நேரும் குழப்பம் ஒன்று. மத நம்பிக்கை காரணமாகத் தலைக்கவசம், அதாவது ஹார்டு ஹேட், அணிய மறுப்பவர்கள் விஷயத்தில் முதலாளிக்கு அபராதக் குறிப்பு எழுத வேண்டாம் என்று ஓஷா 1994-இல் தன் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. அது தலைக்கவசத்துக்கு மட்டும். சுவாசக் கவசத்துக்கு அப்படி எந்த விலக்கும் இல்லை. "அங்கே விட்டார்களே, இங்கேயும் விடுவார்கள்" என்று எண்ணி யாரும் ஒட்டாத கவசத்தோடு தூசிக்குள் இறங்க வேண்டாம்.

மறுபக்கம், 1964-ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் சட்டத்தின் ஏழாம் தலைப்பு, தொழிலாளியின் மத வழக்கத்துக்கு முதலாளி இடமளிக்க வேண்டும் என்கிறது. 2023-இல் கிராஃப் எதிர் டிஜாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளவுகோலை உயர்த்தியது. சிறு செலவு, சிறு தொந்தரவு என்று சொல்லி இனி மறுக்க முடியாது. தொழிலின் அளவை வைத்துப் பார்த்தால் கணிசமான சுமை என்று முதலாளி காட்ட வேண்டும். ஆக, ஒட்டாத கவசத்தை அனுமதிக்கச் சட்டம் கேட்கவில்லை. ஒட்டல் தேவைப்படாத வேறு கருவி இருக்கிறதா என்று தேடச் சொல்கிறது. அந்தக் கருவி பெரும்பாலும் இருக்கிறது.

லேபிளைப் படிக்கும் முறை

நையோஷ் ஒப்புதல் ஒரு தனிப் பாகத்துக்குத் தரப்படுவதில்லை. முகப்பகுதி, வார், வடிகட்டி, குழாய், மோட்டார், பேட்டரி எல்லாம் சேர்ந்த முழு அமைப்புக்குத் தரப்படுகிறது. பெட்டிக்குள் இருக்கும் ஒப்புதல் அட்டையில் டிசி என்று தொடங்கும் எண் இருக்கும். என்95 போன்ற தூசி வடிகட்டிகளுக்கு டிசி-84ஏ, ரசாயன கார்ட்ரிட்ஜ்களுக்கு டிசி-23சி, சிலிண்டர் சுமக்கும் எஸ்சிபிஏவுக்கு டிசி-13எஃப், குழாய்வழிக் காற்றுக்கு டிசி-19சி. என்95 கவசத்தின் மேலேயே நையோஷ் பெயரும், டிசி எண்ணும், உற்பத்தியாளர் பெயரும், மாடல் எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். அந்த எண்ணை நையோஷின் ஒப்புதல் பெற்ற கருவிகள் பட்டியலில் இணையத்தில் தேடிச் சரிபார்க்கலாம். இரண்டு நிமிட வேலை. காதில் மாட்டும் வளையத்தோடு வந்து என்95 என்று சொல்லிக்கொள்ளும் கவசமானால் அந்த இரண்டு நிமிடத்தைக் கட்டாயம் செலவழியுங்கள், போலியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அட்டையின் அடியில் ஆங்கில எழுத்துகளில் எச்சரிக்கைக் குறிகள் இருக்கும். தலைமறைப்பு அணிபவருக்கு முக்கியமானது 'என்' என்ற குறி. அதன் பொருள்: பாகங்களை ஒருபோதும் மாற்றவோ, திருத்தவோ, கூடுதலாகச் சேர்க்கவோ, விட்டுவிடவோ கூடாது; உற்பத்தியாளர் குறிப்பிட்ட அமைப்பில் அதே மாற்றுப் பாகங்களையே பயன்படுத்த வேண்டும். 'ஓ' என்ற குறி, பயன்படுத்துவோர் கையேட்டைப் பார்க்கச் சொல்கிறது. 'எஸ்' இருந்தால் அந்தக் கருவிக்கென்று சிறப்பு அறிவுறுத்தல் உண்டு என்று பொருள்.

'என்' குறியை நடைமுறையில் இப்படிப் புரிந்துகொள்ளலாம். உங்கள் தலையில் இருக்கும் துணி கவசத்தின் பாகமல்ல. அது அங்கே இருப்பதாலேயே ஒப்புதல் போய்விடாது. துணியைக் கவசத்தோடு இணைத்தால் கதை மாறுகிறது. வாரை ஸ்கார்ஃபோடு சேர்த்துத் தைப்பது, தலைப்பாகைக்கு எட்டவில்லை என்று வாரில் ரப்பர் பேண்டு கட்டி நீட்டுவது, தளர்கிறது என்று வாரில் முடிச்சுப் போடுவது, ஸ்டேப்ளர் அடிப்பது, பிஏபிஆரின் (மோட்டார் காற்றை வடிகட்டி ஊதித் தரும் கருவி) ஹூட்டை, அதாவது தலையுறையை, கத்தரித்துப் பெரிதாக்குவது, ஒரு நிறுவனத்தின் மோட்டாரில் இன்னொரு நிறுவனத்தின் ஹூட்டை மாட்டுவது எல்லாம் ஒப்புதல் இல்லாத அமைப்பு. கடைகளில் தனியாக விற்கும் வார் நீட்டிப்புகளும் கொக்கிகளும் இதில் அடங்கும், உற்பத்தியாளரே தன் துணைப்பொருள் பட்டியலில் அதைச் சேர்த்திருந்தால் ஒழிய. ஓஷா விதி ஒப்புதல் நிபந்தனைகளின்படி மட்டுமே கருவியைப் பயன்படுத்தச் சொல்வதால், இங்கே மீறப்படுவது நையோஷ் நிபந்தனை மட்டுமல்ல, ஓஷா விதியும்தான்.

கையேட்டில் தலைமறைப்பைப் பற்றி ஒன்றும் இல்லையென்றால் உற்பத்தியாளரின் தொழில்நுட்ப உதவிப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, மாடல் எண்ணைக் குறிப்பிட்டு, எழுத்தில் பதில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். தொலைபேசியில் "பரவாயில்லை" என்று கேட்டுக்கொண்டது ஆய்வின்போது உதவாது.

எந்தக் கருவி

ஓஷா ஒவ்வொரு வகைக்கும் ஒரு பாதுகாப்பு மடங்கு நிர்ணயித்திருக்கிறது. என்95 உட்பட அரைமுகக் கவசத்துக்கு 10. ரப்பர் முழுமுகக் கவசத்துக்கு 50. மோட்டார் காற்றை ஊதித் தரும் பிஏபிஆரில் தளர்வான முகப்பகுதி உள்ளதற்கு 25. தலையையும் கழுத்தையும் மூடும் ஹூட் அல்லது ஹெல்மெட் வகைக்கு 25. உற்பத்தியாளர் சோதனை ஆதாரம் காட்டினால் 1,000. மடங்கு 10 என்றால், வெளியில் இருக்கும் மாசின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் உள்ளே வராது என்ற எதிர்பார்ப்பு.

இந்த எண்களை ஊன்றிப் பாருங்கள். முகத்தோடு ஒட்டத் தேவையே இல்லாத தளர்வான பிஏபிஆருக்கு என்95-ஐ விட இரண்டரை மடங்கு மதிப்பு. தளர்வான வகைக்குப் பொருத்தச் சோதனையும் கிடையாது. அதனால் பெரிய தலைப்பாகை, தாடி, அல்லது தாடைக்கு அடியில் சுற்றியே தீர வேண்டிய ஹிஜாப் உள்ளவர்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை எப்போதும் இதுவே. என்95-ஐ எப்படியாவது ஒட்டவைக்கப் பத்து வழி தேடுவதைவிட, அந்த நேரத்தை ஒரு நல்ல ஹூட்டைத் தேர்ந்தெடுப்பதில் செலவிடுவது மேல்.

ஒரே ஓர் எல்லை: உயிருக்கு உடனடி ஆபத்தான சூழலில், ஆக்சிஜன் குறைந்த தொட்டிக்குள்ளோ அளவு தெரியாத நச்சு வாயுவுக்குள்ளோ, பிஏபிஆர் உதவாது. அது அங்கே இருக்கும் காற்றைத்தான் வடிகட்டித் தருகிறது. அங்கே அழுத்தம் காக்கும் முழுமுக எஸ்சிபிஏ, அல்லது அவசரச் சிலிண்டரோடு கூடிய குழாய்வழிக் கருவி மட்டுமே அனுமதி. இரண்டும் முகத்தோடு ஒட்டியாக வேண்டியவை. தலைமறைப்பை அதற்கேற்ப அமைக்க முடியாதவருக்கு அந்தப் பணியைத் தராமல் வேறு பணி தருவதே சரியான இடமளிப்பு.

ஹிஜாபோடு என்95 அல்லது அரைமுகக் கவசம்

கவசம் போடும் முன், பொருத்தச் சோதனைக்கும் முன், மருத்துவக் கேள்வித்தாள் முடிந்திருக்க வேண்டும். தளர்வான பிஏபிஆருக்கும் இது உண்டு. சோதனை இல்லை என்பதால் மருத்துவ மதிப்பீடும் இல்லை என்று விட்டுவிடுகிறார்கள், அது தவறு.

துணி. ஹிஜாபுக்கு அடியில் அணியும் உள்தொப்பிக்கு உடலோடு ஒட்டி நீளும் பருத்தி ஜெர்சி போன்ற மெல்லிய துணி. பட்டு, சாட்டின், ஷிஃபான் வேண்டாம். வார் அதன்மேல் நிற்காது. தலை அசையும்போதெல்லாம் மேல் வார் பின்னோக்கி வழுக்கும், மூக்குப் பக்கம் இழுவிசை குறையும், மூக்குத் தண்டின் இரு பக்கமும் இடைவெளி திறக்கும். கண்ணாடி அணிந்திருந்தால் ஆவி படிவது இதற்கு முதல் அடையாளம். உள்தொப்பி ஒற்றை அடுக்காக, பின்புறம் தடித்த முடிச்சோ உயரக் கொண்டையோ இல்லாமல் இருக்க வேண்டும். முடியைக் கழுத்துக்கு அருகே தாழ்வாகக் கட்டுங்கள். உச்சந்தலைக்குப் பின்னால் கொண்டை இருந்தால் மேல் வார் ஒன்று அதன்மேல் ஏறும், அல்லது கீழே நழுவும்.

ஊசி. கவசத்துக்கு அருகே குண்டூசி வேண்டாம். வடிகட்டித் துணியில் ஊசி ஏறினால் அந்தத் துளை வழியாக வடிகட்டாத காற்று வரும். பிஏபிஆர் ஹூட்டும் அப்படியே கிழியும். செருகி நிறுத்தும் முறையிலோ, தலையில் இழுத்து மாட்டும் தைத்த ஹிஜாபிலோ இந்தச் சிக்கல் இல்லை.

இனி வரிசை:

1. கண்ணாடி முன் நின்று உள்தொப்பியைப் போடுங்கள். அதன் ஓரம் கன்னத்தில் காதுக்கு முன்னால் வராமல் பின்னுக்குத் தள்ளுங்கள். தாடைக்கு அடியில் துணி இருந்தால் தொண்டைவரை கீழே இறக்குங்கள். கவசத்தின் விளிம்பு வரும் கோட்டுக்கும் துணியின் ஓரத்துக்கும் நடுவே குறைந்தது இரண்டு விரல் அகலம் வெறும் தோல் தெரிய வேண்டும். இது எங்கள் நடைமுறை அளவு. துணி நாள் முழுதும் கொஞ்சம் கொஞ்சமாக நகரும் என்பதால் அந்த இடைவெளி தேவைப்படுகிறது.

2. கவசத்தை முகத்தில் வைத்து, மேல் வாரை உச்சந்தலைக்குப் பின்பக்கமாக உயரத்திலும், கீழ் வாரைக் காதுகளுக்குக் கீழே பிடரியிலும் அமர்த்துங்கள். இரண்டும் உள்தொப்பியின் மேல். முறுக்கவும் குறுக்காக மாட்டவும் கூடாது.

3. மூக்குக் கம்பியை இரு கை விரல்களாலும் ஒரே நேரத்தில் அழுத்தி மூக்கின் வடிவத்துக்கு வளையுங்கள். ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூர்மையாக மடிந்து பக்கவாட்டில் ஓட்டை விழும்.

4. விரலை விளிம்பு முழுதும் ஓட்டிப் பாருங்கள். துணியோ முடியோ தட்டுப்பட்டால் கழற்றி முதலிலிருந்து.

5. வெளி ஸ்கார்ஃபை இப்போது வாரின் மேல் சுற்றுங்கள். அது வடிகட்டியையோ, வெளிமூச்சு வால்வையோ, கார்ட்ரிட்ஜையோ மூடக் கூடாது. வாரை இழுக்காத தளர்வில் இருக்க வேண்டும். நுனிகளை மேலங்கிக்குள் செருகுங்கள். சுழலும் இயந்திரத்துக்கு அருகே தொங்கும் நுனி தனி ஆபத்து.

6. ஒட்டலைச் சரிபார்ப்பது இந்தக் கட்டத்தில், ஸ்கார்ஃப் சுற்றிய பிறகு. முன்பே பார்த்துவிட்டுப் பிறகு சுற்றினால் அந்தச் சரிபார்ப்புக்கு மதிப்பில்லை. வால்வு இல்லாத என்95 என்றால் இரு கையாலும் முன்புறத்தை மூடி அழுத்தமாக மூச்சு விடுங்கள். ஓரங்களில் காற்று படக் கூடாது. பிறகு உள்ளிழுங்கள், கவசம் லேசாக உள்வாங்க வேண்டும். ரப்பர் அரைமுகத்துக்கு, கார்ட்ரிட்ஜ் வாய்களை உள்ளங்கையால் மூடி மெல்ல மூச்சிழுத்துப் பத்து வினாடி நிறுத்துங்கள். முகப்பகுதி சற்றே ஒடுங்கிய நிலையிலேயே நிற்க வேண்டும். பிறகு வெளிமூச்சு வால்வை மூடி மெதுவாக ஊதுங்கள். இது ஒவ்வொரு முறை போடும்போதும் செய்ய வேண்டியது, காலையில் ஒரு முறை மட்டும் அல்ல.

மருத்துவமனைத் தனிமை அறைகளில் இந்த வரிசைக்கு ஒரு குறை உண்டு. வெளியே வந்தபின் வாரைக் கழற்ற முதலில் ஸ்கார்ஃபைக் கழற்ற வேண்டும். அசுத்தமான துணியைக் கையாண்ட கை உடனே முகத்துக்குப் போகிறது. அங்கே மறுவரிசை நல்லது: முகத்திறப்பு அகன்ற, உடலோடு ஒட்டும் ஒற்றை அடுக்கு ஹிஜாப், வார் அதன் மேலே, கழற்றும்போது கீழ் வார் முதலில், மேல் வார் அடுத்து, முன்புறத்தைத் தொடாமல். ஹிஜாபை அதன்பின் தனி அறையில் மாற்றிக்கொள்ளலாம். எந்த வரிசையைத் தேர்ந்தெடுத்தாலும் பொருத்தச் சோதனை அதே வரிசையில் நடந்திருக்க வேண்டும்.

முகத்திரை அணிபவர்கள் கவசத்துக்கு அடியில் திரையை விடவே முடியாது. மேலே தொங்கவிட்டால் வால்வை அடைக்கும், ஈரமாகும், மூச்சுத் தடை கூடும். அப்படி அணிந்து எந்தக் கருவியும் ஒப்புதல் பெறவில்லை. கவசம் போட்ட நிலையில் மூக்கும் வாயும் மூடியே இருக்கின்றன. பலர் அதையே போதுமானதாக ஏற்கிறார்கள். போடுவதற்கும் கழற்றுவதற்கும் மறைவான இடமும், சோதனை நடத்தப் பெண் பணியாளரும் ஏற்பாடு செய்வது முதலாளியின் பொறுப்புணர்வைக் காட்டும். இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய செலவும் இல்லை.

முழுமுகக் கவசம்

இங்கே ஒட்டும் கோடு நெற்றிக்கு மேலே போய்விடுகிறது. உள்தொப்பியின் முன் ஓரம் பொதுவாக எங்கே இருக்குமோ, சரியாக அங்கேயே விளிம்பு வருகிறது. எனவே உள்தொப்பியை முடி தொடங்கும் கோட்டுக்குப் பின்னால் தள்ள வேண்டும். நெற்றி முடியும் விளிம்புக்குள் சிக்கக் கூடாது. நான்கைந்து வார்கள் கொண்ட தலைப்பின்னலை உள்தொப்பியின் மேல் தட்டையாக விரித்து, முதலில் கழுத்து வார்கள், பிறகு நெற்றிப்பொட்டு வார்கள், கடைசியில் உச்சி வார் என்று இரு பக்கமும் ஒரே அளவில் பின்னோக்கி இழுங்கள். மேலே போடும் உறைக்குத் தீயணைப்பு வீரர்களின் முறையே நல்ல முன்மாதிரி: முகக் கவசம் முதலில், தீத்தாங்கும் ஹூட் பிறகு, அது வார்களை மூடும், விளிம்புக்கு அடியில் ஒருபோதும் போகாது. கண்ணாடிக் காம்பும் இதே விதிக்கு உட்பட்டது. முழுமுகத்துக்குள் பொருத்தும் கண்ணாடிச் சட்டம் தனியாக உண்டு.

தலைப்பாகையும் தாடியும்

சீக்கியர்களின் தலைப்பாகை அளவில் பெரியது, உச்சியில் முடிக்கொண்டை இருப்பது. என்95-இன் மேல் வார் அதைச் சுற்றி எட்டாது. எட்டினாலும் இழுவிசை வடிவமைத்ததைவிட அதிகமாகி எலாஸ்டிக் விரைவில் தளரும். உள்ளே கட்டும் சிறிய பட்காவின் மேல் வாரைப் போட்டு, அதன்மேல் தலைப்பாகை கட்டலாம். ஆனால் ஒவ்வோர் இடைவேளைக்கும் அவிழ்த்துக் கட்ட வேண்டிவரும். ஒரு ஷிஃப்ட் முழுக்க அதைச் செய்யச் சொல்வது நியாயமில்லை.

தலைப்பாகையைவிடத் தாடியே பெரிய தடை. விளிம்புக்கு அடியில் தாடி இருந்தால் ஓஷா விதிப்படி இறுக்கமான எந்தக் கவசமும் அனுமதி இல்லை; பொருத்தச் சோதனையையே தொடங்கக் கூடாது. 2020-இல் பிரிட்டனில் சீக்கிய மருத்துவர்கள் மெல்லிய ரப்பர் பட்டையால் தாடியை இறுக்கி மூடி, அதன்மேல் கவசம் போட்டுப் பொருத்தச் சோதனையில் தேறும் சிங் தாட்டா முறையை விவரித்தார்கள். அவர்களின் முயற்சி மதிப்புக்குரியது. ஆனால் அமெரிக்க விதியின் சொற்களில், தோலுக்கும் விளிம்புக்கும் நடுவே முடி இருக்கிறது, அதோடு பட்டையும் இருக்கிறது. அதை நம்பி இங்கே ஒருவரை வேலைக்கு அனுப்ப வேண்டாம். தளர்வான ஹூட் பிஏபிஆர் இருக்கும்போது அதற்கான தேவையும் இல்லை.

பிஏபிஆரை அமைத்தல்

தலைப்பாகைக்கும் ஹிஜாபுக்கும் தோள்வரை இறங்கும் முழு ஹூட்டே ஏற்றது. முகத்தைச் சுற்றி எலாஸ்டிக் ஓரம் உள்ள சிறிய முகப்பகுதி வகையில், அந்த ஓரத்துக்கு அடியில் துணி வரலாமா என்பதை அந்த மாடலின் கையேடுதான் சொல்ல வேண்டும்.

உள்ளிருக்கும் தலைப்பட்டையைத் தளர்த்தித் தலைப்பாகையின் சுற்றளவுக்கு அமைத்துப் பாருங்கள். பட்டை எட்டாமல் ஹூட் உயரத் தூக்கி நின்றால் பார்வைச் சாளரம் மேலேறும், கழுத்தைச் சுற்றி வரும் ஹூட்டின் உள்துணியான உள்பாவாடை விலகும். பெரிய அளவு கேளுங்கள்; அதே நிறுவனத்தில், அதே மோட்டாருக்கு ஒப்புதல் பட்டியலில் உள்ள மாடலாக இருக்க வேண்டும். பல ஹூட்களில் காற்று பின்தலையில் நுழைந்து தலைக்கு மேல் ஒரு குழல் வழியாக நெற்றிக்கு வருகிறது. தலைப்பாகை அந்தக் குழலை நசுக்கினால் முகத்துக்கு வரும் காற்று குறையும், மோட்டார் ஓசை மாறும், கண்ணாடி ஆவி பிடிக்கும். போட்டபின் நெற்றியிலும் முகத்திலும் காற்று சீராகப் படுகிறதா என்று உணர்ந்து பாருங்கள்.

தளர்வான வகைக்கு நையோஷ் கேட்கும் குறைந்தபட்சக் காற்று நிமிடத்துக்கு 170 லிட்டர். இறுக்கமான வகைக்கு 115. மோட்டாரோடு வரும் ஓட்ட அளவியால் ஒவ்வொரு ஷிஃப்ட்டுக்கு முன்பும் சோதியுங்கள். பேட்டரி முழுதாக ஏறியதா, குழாய் இரு முனையிலும் பூட்டியதா, வடிகட்டியின் ரப்பர் வளையம் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்தபின் மோட்டாரை ஓடவிட்டு, அதன்பிறகே ஹூட்டைப் போடுங்கள். உள்பாவாடையை மேலங்கிக்குள் செருகுங்கள். ஸ்கார்ஃப் நுனியோ தாடியோ அதைத் தூக்கிப் பிடிக்கக் கூடாது. கடும் உழைப்பில் ஆழமாக மூச்சிழுக்கும்போது மோட்டார் தருவதைவிட அதிகக் காற்று இழுக்கப்பட்டால் ஓரத்தின் வழியே வெளிக்காற்று வரும். இறுக்கிச் செருகிய பாவாடையின் பயன் அப்போதுதான் தெரியும். ஹூட்டுக்குள் சத்தம் உண்டு. நையோஷ் அனுமதிக்கும் உச்சம் 80 டெசிபல். ஹிஜாப் காதையும் மூடுவதால் எச்சரிக்கை மணி கேட்கிறதா என்று வேலையிடத்திலேயே ஒரு முறை சோதியுங்கள்.

பொருத்தச் சோதனை

ஃபிட் டெஸ்ட் முதல் பயன்பாட்டுக்கு முன்பும், ஆண்டுக்கு ஒரு முறையும், மாடலோ அளவோ மாறும்போதும், முகத் தழும்பு, பல் மாற்றம், கண்ணுக்குத் தெரியும் எடை மாற்றம் வந்தாலும் கட்டாயம். பொருத்தத்தைப் பாதிக்கக் கூடிய எதை வேலையில் அணிவீர்களோ அதை அணிந்தே சோதனை நடக்க வேண்டும். வேலைக்குப் போடும் அதே உள்தொப்பி, அதே ஸ்கார்ஃபோடு வாருங்கள். சோதனைக்கு மட்டும் மெல்லிய துணி அணிந்து தேறினால், தேறியது அந்தத் துணி மட்டுமே.

சாக்கரின் (இனிப்பு) அல்லது பிட்ரெக்ஸ் (கசப்பு) சுவைச் சோதனைக்கு முந்தைய பதினைந்து நிமிடம் தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். கவசத்தைப் போட்டு ஐந்து நிமிடமாவது இருந்தபின் தொடங்குவார்கள். சுவைச் சோதனை ஹூட் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் அகலமும் 35 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது; பட்காவுக்கு மேல் தலைப்பாகை கட்டியவருக்கு அது தலைப்பாகையை அழுத்தி வாரை நகர்த்தலாம். அவர்களுக்கு ஹூட் தேவைப்படாத, கருவியால் துகள் எண்ணும் சோதனையைக் கேளுங்கள். அதில் அரைமுகத்துக்குப் பொருத்த எண் 100, முழுமுகத்துக்கு 500 வர வேண்டும். வெளியிலுள்ள துகளை உள்ளிருப்பதால் வகுத்தால் கிடைக்கும் எண் அது.

சாதாரண மூச்சு, ஆழ்ந்த மூச்சு, தலையைப் பக்கவாட்டில் திருப்புதல், மேலும் கீழும் அசைத்தல், பேசுதல், குனிதல், மீண்டும் சாதாரண மூச்சு, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். கருவிச் சோதனையில் 15 வினாடி முகத்தைச் சுளிப்பதும் சேரும். தலைமறைப்பு உள்ளவர்கள் பெரும்பாலும் தவறுவது இரண்டு இடத்தில். தலையை மேலே தூக்கும்போது தொண்டைத் துணி இழுபட்டுத் தாடை விளிம்புக்குள் ஏறுகிறது. பக்கவாட்டில் திருப்பும்போது வெளி ஸ்கார்ஃப் தோளில் சிக்கி வாரை இழுக்கிறது. முதலாவதற்குத் துணியின் ஓரத்தை இன்னும் கீழே இறக்க வேண்டும். இரண்டாவதற்கு ஸ்கார்ஃபைத் தளர்த்த வேண்டும். வாரை மேலும் இறுக்குவது இரண்டுக்கும் தீர்வாகாது. அதிகம் இறுக்கினால் விளிம்பு மடிந்து புதிய ஓட்டை விழும்.

பதிவேட்டில் பெயர், தேதி, மாடல், அளவு, முடிவு ஆகியவை கட்டாயம். அதோடு அன்று அணிந்த தலைமறைப்பின் வகை, துணி, வரிசை ஆகியவற்றையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்துத் துணியை மாற்றினீர்களா என்று யாருக்கும் நினைவிருக்காது. அந்த வரி இருந்தால் மறுசோதனை தேவையா என்பது தெரிந்துவிடும்.

துணி வீட்டுக்குப் போகும் வழி

ஈயம், ஆஸ்பெஸ்டாஸ் போன்ற தூசி தலைத்துணியில் படிந்து வீட்டுக்குப் போனால், சுவாசிப்பது உங்கள் குழந்தை. ஆஸ்பெஸ்டாஸ், ஈயம் பற்றிய ஓஷா விதிகள் அளவு மீறும் இடங்களில் தலைக்கான உறையையும் முதலாளியே தர வேண்டும், துவைக்கவும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்கின்றன. சொந்த ஹிஜாபையோ தலைப்பாகையையோ ஹூட்டுக்குள் முழுதாக மூடி அணியுங்கள், அல்லது வேலையிடத்துக்கென்று தனித் துணி வைத்து அங்கேயே விடுங்கள். வெல்டிங், தீப்பொறி உள்ள இடத்தில் பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். தீத்தாங்கும் துணியில் தைத்த உள்தொப்பியைக் கேளுங்கள்.

முதலாளியிடம் கேட்பது

வேலையில் சேரும் முன் அல்லது பணி மாறும் முன், எழுத்தில் கேளுங்கள். கடிதத்தில் நான்கு விஷயம் இருந்தால் போதும்: எதை அணிகிறீர்கள், அது மத வழக்கம் என்பது, எந்தப் பணிக்கு எந்தக் கவசம் தரப்படுகிறது, எந்த மாற்றுக் கருவியைக் கேட்கிறீர்கள். "தளர்வான ஹூட் உள்ள, நையோஷ் ஒப்புதல் பெற்ற பிஏபிஆர்" என்று பெயர் சொல்லிக் கேட்பவருக்குப் பதில் விரைவில் வரும். "ஏதாவது செய்யுங்கள்" என்ற கடிதம் மேசையிலேயே கிடக்கும். சுவாசப் பாதுகாப்புத் திட்டத்தின் நிர்வாகி யார் என்று கேட்டு அவருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், ஏனென்றால் கருவியைத் தேர்ந்தெடுப்பவர் மனிதவளப் பிரிவில் இருப்பவரல்ல, அவர்தான். பதில் வரும்வரை ஒட்டாத கவசத்தோடு அந்த வேலைக்குள் போக வேண்டாம். இடைக்காலத்துக்குத் தூசியில்லாத வேறு பணி தரும்படி அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.